பதினோரு இலையிலும் ஒரே தோகை

ஆள்காட்டிக் குருவி அந்த ஆண்டு இரண்டு முறை முட்டையிட்டது. முறைக்கு நான்கு. எட்டையும் காட்டுப்பூனை தின்றுவிட்டது.

ஆள்காட்டிக்கு மரக்கிளையைப் பற்றி உட்காரும்படி கால் அமையவில்லை. தரையில்தான் நிற்கும், தரையில்தான் முட்டையிடும். மூன்றாம் முறை முட்டை இப்போது வயிற்றில் கனத்தது. இன்னும் மூன்றே நாள். எங்கே இடுவது?

காட்டுக் குளத்தின் நடுவில் ஒரு மண்திட்டு இருந்தது. நனைவதற்குப் பயந்து பூனை அங்கே போவதில்லை. ஆனால் அந்தத் திட்டில் குளத்துக் காவலர் மட்டுமே தங்கலாம். பழைய காவலரான கொக்கு வேறு குளத்துக்குப் போய்விட்டது.

குளத்தின் தலைவர் ஆமையார் கரைக்கு வந்து அறிவித்தார்.

"காவலுக்கு ஆள் வேணும்! விருப்பம் இருக்கிறவங்க ஆளுக்கு ஒரு தேக்கிலை வாங்கிக்குங்க. அதில் அஞ்சு கேள்வி இருக்கு. நாளைக்குப் பொழுது சாயறதுக்குள்ள பதில் எழுதிக் கொடுங்க!"

பன்னிரண்டு பேர் இலை வாங்கினார்கள். ஆள்காட்டி தன் இலையைப் படித்தது.

பெயர் என்ன? அடையாளம் என்ன? எத்தனை வரை எண்ணத் தெரியும்? மரம் ஏறத் தெரியுமா? ஆபத்து வந்தால் என்ன செய்வாய்?

மயில்தான் முதலில் எழுதி முடித்தது. அதன் கையெழுத்து முத்து முத்தாக இருந்தது. இலையை எல்லோரும் பார்க்கும்படி ஒரு புதர் மேல் காயவைத்தது.

'மயில். நீண்ட தோகை. ஆயிரம் வரை. தெரியும். உயரமான கிளைக்குப் பறந்துவிடுவேன்.'

"அடடா, என்ன அழகு!" என்றது முயல். "இதுக்கு மேல என்ன எழுதிட முடியும்?" என்றது தவளை. உடனே மற்ற பத்துப் பேரும் ஆளுக்கொரு முள்ளை எடுத்து, மயிலின் இலையைப் பார்த்துத் தங்கள் இலையில் கீறத் தொடங்கினார்கள்.

ஆள்காட்டிக்கு மட்டும் முள் ஓடவில்லை. மூன்றாவது கேள்வியிலேயே நின்றுவிட்டது. குளத்தைக் காக்கிறவருக்கு எண்ணத் தெரிந்து என்ன ஆகப்போகிறது? இதை ஏன் கேட்கிறார்கள்?

அது எழுந்து குளத்தைச் சுற்றி நடந்தது. விலங்குகள் தண்ணீர் குடிக்க இறங்கும் துறைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தது. கிழக்கே ஒன்று. தெற்கே ஒன்று. மேற்கே இரண்டு. வடக்கே வெறும் பாறை. சரியாக இருக்கிறதா என்று இன்னொரு முறை சுற்றி வந்தது. நான்குதான்.

"ஓ, காவலர் இந்த நாலு துறையையும் விடாம பார்க்கணும். அதுக்குத்தான் எண்ணிக்கை!"

அப்படியானால் மரம் எதற்கு? திட்டில் ஒரு செடிகூடக் கிடையாதே! மேற்குத் துறை ஒன்றில் இலையைக் காயவைத்துக்கொண்டிருந்த தவளையிடம் போய்க் கேட்டது.

"தம்பி, பழைய காவல் கொக்கு எங்கே நின்னு பார்க்கும்?"

"அதோ, அந்த மருத மரத்து உச்சியில! போன மாசம் பூனை புல்லுக்குள்ளயே ஊர்ந்து வந்து ரெண்டு முயலைத் தூக்கிட்டுப் போச்சு. மேல இருந்தவருக்கு ஒண்ணும் தெரியலை. அது போகட்டும், நீங்க இன்னுமா எழுதலை? மயிலண்ணன் எழுதினதைப் பார்த்து எழுதிட்டு வேலையைப் பாருங்கக்கா!"

ஆள்காட்டி புல்லருகே போய்க் குனிந்து பார்த்தது. மேலே புல் நுனிகள் காற்றில் ஆடின. கீழே அடித்தண்டுகள் அசையாமல் நின்றன. ஒரு ஓணான் உள்ளே நகர்ந்தது. அது போன வழியில் மட்டும் தண்டுகள் விலகின. தரையில் நிற்கிறவர் கண்ணுக்குத்தான் அது தெரியும். அதற்குத்தான் மரத்தைப் பற்றிய கேள்வி!

ஆள்காட்டி முள்ளை எடுத்தது. 'நான்கு வரை' என்று எழுதப் போய் நிறுத்தியது. வேலை கிடைக்காவிட்டால் இந்த நான்கு முட்டையும் போய்விடும். ஆயிரம் என்று எழுதிவிட்டால் என்ன? ஆனால் துறை நான்குதானே என்று நினைத்து, 'நான்கு வரை', 'மரம் ஏறத் தெரியாது' என்று உள்ளதையே எழுதியது.

மயில் எட்டிப் பார்த்துச் சிரித்தது. "நாலு வரைதானா? மரமும் ஏறத் தெரியாதா? நம்ம குறையை நாமே எழுதிக் கொடுப்போமா, அசடு!"

ஆள்காட்டி கடைசிக் கேள்விக்குப் போனது. எழுதி, ஒரு முறைக்கு இரண்டு முறை படித்துப் பார்த்துக் கொடுத்தது.

மறுநாள் மாலை ஆமையார் பன்னிரண்டு இலைகளையும் பரப்பினார். பதினோரு இலையில் நீண்ட தோகை இருந்தது. மூன்று இலையில் பெயரும் 'மயில்' என்றே இருந்தது.

"தவளையாரே, உங்க தோகை எங்கே?"

"அது... வர்ற அவசரத்துல வீட்டுல வெச்சிட்டு வந்துட்டேன் ஐயா!"

"முயலாரே, ஆபத்து வந்தா நீங்க கிளைக்குப் பறந்துடுவீங்களா?"

முயல் இரண்டு காதையும் மடக்கிக் கண்ணை மூடிக்கொண்டது.

ஆமையார் மயிலின் பக்கம் திரும்பினார். "மயிலாரே, நீங்க எழுதினது உண்மைதான். பூனை வந்தா நீங்க கிளைக்குப் போயிடுவீங்க. தண்ணி குடிக்கிறவங்களுக்கு யார் சொல்றது?"

மயில் தோகையைச் சுருக்கிக்கொண்டு பின்னால் நகர்ந்தது.

ஆமையார் பன்னிரண்டாவது இலையை உரக்கப் படித்தார்.

'ஆள்காட்டி. மஞ்சள் கால். நான்கு வரை எண்ணுவேன். குளத்துக்குத் துறைகளும் நான்கு. மரம் ஏறத் தெரியாது. தரையில் நிற்பதால் புல்லுக்குள் வருபவரைப் பார்ப்பேன். ஆபத்து வந்தால் எல்லோரும் ஓடி முடிக்கும் வரை கத்துவேன்.'

"துறைகள் நாலுன்னு யார் சொன்னா?"

"நடந்து பார்த்தேன் ஐயா. ரெண்டு சுற்று."

"இன்னிக்கே திட்டுக்குப் போயிடும்மா!" என்றார் ஆமையார்.

மூன்றாம் நாள் காலையில் ஆள்காட்டி திட்டில் முட்டையிட்டது. அன்றே மேற்குத் துறை ஒன்றில் புல்தண்டுகள் விலகின. அது போட்ட கூச்சலில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த அத்தனை முயல்களும் தப்பி ஓடின. பூனை வெறும் வாயோடு திரும்பிப் போனது.

ஒரு வேலைக்கு எழுதிக் கொடுக்கும்போது, ஒவ்வொரு கேள்வியும் எதற்கென்று தெரிந்துகொண்டு, அடுத்தவரைப் பார்த்து எழுதாமல் தன்னைப் பற்றிய உண்மையை எழுதுகிறவருக்கே அந்த வேலை அமையும்.