மூன்றாம் வரிசையில் சிரிக்காதவர்

ஆட்ரி ஃபென்விக் பிறர் எழுதிய நகைச்சுவை நாடகங்களைத் தட்டச்சு செய்யத்தான் முதலில் வேலைக்குச் சேர்ந்தார். தட்டச்சு செய்யும்போதே, சிரிப்பு வராத இடங்களைச் சத்தமில்லாமல் மாற்றிவிடுவார். அது வெளியே தெரிந்த அன்று யாரும் திட்டவில்லை. நீயே எழுது என்று சொல்லிவிட்டார்கள். வானொலிக்கு எழுதினார், பிறகு தொலைக்காட்சிக்கு. நாற்பது வயதாவதற்குள் லண்டனில் பேர்சொல்லும் தயாரிப்பாளர் ஆகிவிட்டார்.

அவரிடம் எழுதக் கற்க வந்த டெஸ்மண்ட் பிரைஸ் அவரைவிடப் பத்து வயது மூத்தவர். கார்டிஃப் நகரில் பூகோள வாத்தியாராக இருந்து, அந்த வேலையை விட்டுவிட்டு வந்தவர். ஒரு வாடகை விடுதியையும் அதன் கறாரான வீட்டுக்காரம்மாவையும் வைத்து அவர் எழுதிய முதல் கதை அன்று சாயங்காலம் பார்வையாளர்கள் முன்னால் மேடையில் நடிக்கப்பட்டு தொலைக்காட்சிக்காகப் படமானது. நன்றாக வந்தால் தொடராகும். இல்லாவிட்டால் திரும்பவும் கார்டிஃப்தான்.

நன்றாகத்தான் வந்தது. கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. ஆனால் அரங்கின் ஓரத்தில் நின்றிருந்த டெஸ்மண்டின் கண்ணில் மூன்றாம் வரிசையில் மண்நிறக் கோட்டு அணிந்திருந்த ஒருவர் பட்டுவிட்டார். அவர் ஒருமுறைகூடச் சிரிக்கவில்லை. அதன்பிறகு டெஸ்மண்டுக்கு வேறு யாரும் தெரியவில்லை.

இடைவேளையில் மேடையை மாற்றிக்கொண்டிருந்தபோது ஆட்ரி மேலே கட்டுப்பாட்டு அறையிலிருந்து இறங்கி வந்தார். டெஸ்மண்ட் அவசரமாக எழுதிய புதிய வசனங்களை நீட்டினார்.

"எல்லாரும் சிரிக்கிறார்கள். மூன்றாம் வரிசையில் அந்தக் கோட்டுக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. அவரைச் சிரிக்க வைப்பது எப்படி?"

ஆட்ரி படித்துப் பார்த்தார். நன்றாக இருக்கிறது என்றார். பிறகு தாளை மடித்து டெஸ்மண்டின் சட்டைப்பையிலேயே வைத்தார்.

"அவர் பக்கத்து நாற்காலி காலியாக இருக்கிறது. போய் உட்காருங்கள்."

"இரண்டாம் பகுதி?"

"அதை நடிகர்கள் பார்த்துக்கொள்வார்கள்."

டெஸ்மண்ட் போய் உட்கார்ந்தார். அந்த மனிதரின் மறுபக்கத்தில், சேலைக்கு மேல் கம்பளிக் கோட்டு போட்ட அவர் மனைவி இருந்தார். மேடையில் வீட்டுக்காரம்மா வந்து, தான் செய்துவைத்த புட்டிங் இனிப்பைத் தின்றது யார் என்று கேட்டாள். கூட்டம் சிரித்தது. அந்த மனிதர் மனைவியின் காதருகே குனிந்து தங்கள் மொழியில் ஏதோ சொன்னார். கூட்டம் சிரித்து ஓய்ந்தபின் அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். கணவர் அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மறுபடி மேடைக்குக் காதைக் கொடுத்தார், மறுபடி குனிந்தார்.

ஒருமுறை வீட்டுக்காரம்மா வெறுமனே கதவைச் சாத்திவிட்டுப் போனாள். டெஸ்மண்ட் அங்கே வசனம் எதுவும் எழுதியிருக்கவில்லை. அதற்குத்தான் அந்தப் பெண் கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

முடிந்ததும் டெஸ்மண்ட், கதையை எழுதியது தான்தான் என்று சொல்லி, மனைவியிடம் என்ன சொன்னீர்கள் என்று அவரிடம் விசாரித்தார். அவர் பெயர் அருளம்பலம். யாழ்ப்பாணத்துக்காரர், ரயில்வேயில் வேலை. மனைவி பூரணம் போன மாதம்தான் வந்திருந்தார். ஆங்கிலம் தெரியாது.

அருளம்பலம் கொஞ்சம் தயங்கினார்.

"தவறாக நினைக்காதீர்கள். புட்டிங் கதையெல்லாம் இவருக்குப் பிடிபடாது. அந்த வீட்டுக்காரம்மா பேசியதை எல்லாம் என் அம்மா பேசுகிற மாதிரி மாற்றிச் சொல்லிவிட்டேன்."

லண்டன் வந்ததிலிருந்து மனைவி சிரித்து இன்றைக்குத்தான் பார்ப்பதாகவும் சொன்னார். டெஸ்மண்டின் கையைப் பிடித்து நெடுநேரம் குலுக்கினார். பூரணமும் தலையசைத்துப் புன்னகைத்தார்.

தொடர் உறுதியாகிவிட்டது என்று எல்லாரும் டெஸ்மண்டின் தோளைத் தட்டினார்கள். அவர் அதைக் காதில் வாங்கினாரோ என்னவோ, நேராக ஆட்ரியிடம் போனார். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார். சொல்லச் சொல்ல மனசு லேசானது. ஒன்றுதான் இன்னும் உறுத்தியது.

"ஆனாலும் கடைசிவரை அவர் சிரிக்கவே இல்லை, ஆட்ரி."

ஆட்ரி கழுத்துத் துணியைச் சுற்றிக்கொண்டே அவரைப் பார்த்தார்.

"அவரும் வசனம் எழுதிக்கொண்டுதானே இருந்தார். நீங்கள் சிரித்தீர்களா?"