கூலி எடுத்த எண்ணெய்

முன்னொரு காலத்தில், ராஜாக்கள் எண்ணெய் விலையைக்கூட விசாரித்துக்கொண்டிருந்த காலத்தில், வீரகண்டன் என்றொரு ராஜா இருந்தான். அவன் நாட்டில் செக்காட்டுகிறவர்கள் அரைவயிற்றோடுதான் எண்ணெய் ஆட்டினார்கள். சபை விகடன் ஆண்டியப்பன் விடாமல் கேட்டதால், அவர்கள் கூலியை உயர்த்தி, அதற்குக் கீழே யாரும் கொடுக்கக் கூடாது என்று ராஜா ஆணை போட்டான்.

அடுத்த மாதமே எண்ணெய் விலை இரட்டிப்பானது. விலையை வைப்பவர் பண்டகசாலை அதிகாரி திருமேனியார். விகடனைக் கண்டாலே அவருக்கு ஆகாது.

"எல்லாம் அந்தக் கூலியால வந்தது, மகாராஜா. எண்ணெயில கூலி கலந்துடுச்சு. பழைய கூலியே போதும். இல்லேன்னா, வாங்கிக் கொடுத்த விகடரே அதைப் பிரிச்சு எடுத்துக் காட்டட்டுமே!"

ராஜாவுக்கு இந்த வேடிக்கை பிடித்துவிட்டது. "ஆண்டியப்பா, கூலியை எடுத்துட்ட எண்ணெயை நாளைக்குச் சபை விளக்குல ஊத்தி வை. முடியலேன்னா பழைய கூலிதான். நீயும் நாட்டை விட்டுப் போயிடணும்."

"உத்தரவு, மகாராஜா."

மறுநாள் சபை கூடியது. பொழுது இறங்கியது. விளக்குக்காரன் திரியில் நெருப்பு வைத்தான். திரி கருகி அணைந்தது. அடுத்த விளக்கும் அப்படியே. வாசல் பந்தம்கூடப் பற்றவில்லை. சபை மெல்ல மெல்ல இருண்டது. ராஜா பக்கத்து விளக்கில் விரலை விட்டுப் பார்த்தான். உள்ளே வறண்ட எள்.

"என்னடா இது?"

"கூலியை எடுத்துட்டேன், மகாராஜா. மிச்சம் இதுதான்."

ராஜா சிரிக்க வாயெடுத்தான். சிரிப்பு வரவில்லை. சுவரோரமாக யாரோ மூச்சு விட்டார்கள். ஒருவரல்ல. நாலு பக்கமும் மூச்சு. பிண்ணாக்கு வாடை அடித்தது.

"யா... யாரது?"

"கூலிதான், மகாராஜா. எடுத்ததை எங்கே வைக்கிறது? சுவரோரமா உட்கார வெச்சிருக்கேன்."

மூச்சு மட்டும் வந்தது.

"விளக்கை ஏத்துடா!" என்று கத்தினான் ராஜா.

ஆண்டியப்பன் மடியிலிருந்து சின்ன எண்ணெய்க் கலயத்தை எடுத்தான். "இது கூலியோட இருக்கிற எண்ணெய். குடத்துக்குப் பத்துக் காசு விலை ஏறியிருக்கு. காசுக்கு ஒரு விளக்கு ஏத்தறேன், பாருங்க."

சுவரோரம் முதல் விளக்கு எரிந்தது. வெளிச்சத்தில் செக்காட்டும் குப்பாயியின் ஒட்டிய கன்னம் தெரிந்தது. அவள் கண் சிமிட்டாமல் ராஜாவையே பார்த்தாள்.

"கூடுதல் கூலியால ஏறினது இந்த ஒரு காசு. அது நிஜம், மறைக்கலை" என்றான் ஆண்டியப்பன்.

பிறகு ஒவ்வொன்றாக ஒன்பது விளக்கு. சுவர் நெடுக உட்கார்ந்திருந்த செக்காட்டுகிறவர்கள் எல்லாரும் தெரிந்தார்கள். வெளிச்சம் தரையில் ஊர்ந்து ஊர்ந்து போய்த் திருமேனியாரின் காலடியில் நின்றது. அவர் காலை உள்ளே இழுத்துக்கொண்டார்.

"எள்ளு விலை ஏறிடுச்சா, திருமேனியாரே?" என்று கேட்டான் ராஜா.

"இல்லை, மகாராஜா."

"மாட்டுத் தீனி?"

"அதுவும்... இல்லை."

"அப்போ ஒன்பது காசு எங்கேய்யா போச்சு?"

"கூலி ஏறினா ஜனங்க விலையைக் கேள்வி கேட்க மாட்டாங்கன்னு..."

ராஜா அப்போதுதான் சிரித்தான். விட்டுவிட்டுச் சிரித்தான். ஒன்பது காசைக் குறைக்கச் சொன்னான். ஒரு காசும் கூலியும் அப்படியே நிற்கட்டும் என்றான். திருமேனியாரிடமிருந்து பண்டகசாலைச் சாவியைப் பிடுங்கினான். முத்துமாலையைக் கழற்றி விகடன் கழுத்தில் போட்டான்.

"நான் உத்தரவு வாங்கிக்கறேன், மகாராஜா."

ராஜா அவன் கையைப் பிடித்துக்கொண்டான். "இருடா. இவங்க எல்லாரும் வெளியே போற வரைக்கும் என் பக்கத்துலயே இரு."