இரட்டைக் கண்ணாடி

"அம்மா, பத்து நாளா என் மனைவி என்கிட்ட பேசறதே இல்லை" என்றார் குமரகுருபரன்.

சீடருக்கு எழுபது வயது. குரு சிவபாக்கியத்துக்கு நாற்பத்தைந்துதான். கோத்தகிரிக் குளிரில் அதையெல்லாம் யார் பார்க்கிறார்கள்!

"பத்து நாளைக்கு முன்னால என்ன செஞ்சீங்க?"

"ஒண்ணும் செய்யலை. ஹால் ஜன்னலை மாத்தினேன்."

மேலே தூக்கித் திறக்கிற பழைய தேக்கு ஜன்னல் அது. மழைக்காலத்தில் மரம் ஊறிக்கொண்டு அசையாது. காற்றடித்தால் கடகடவென்று ஆடும். இடுக்கில் பஸ் டிக்கெட்டை மடித்துச் செருகினால்தான் அடங்கும். முப்பத்தெட்டு வருஷம் அதைத் திட்டித் தீர்த்திருக்கிறார் மனுஷன்.

இப்போது இரட்டைக் கண்ணாடி. திறக்கவே வேண்டாம். குளிர் வராது, லாரிச் சத்தம் வராது. மற்ற ஐந்து ஜன்னல்களையும் பெயர்க்க நாளைக்கு ஆள் வருகிறது.

"பழசையே ரிப்பேர் பண்ணலாம்னு அவ சொன்னா. நான் கேக்கலை. அதுக்காக இப்படி மூஞ்சியைத் திருப்பிக்கிட்டா நான் எங்கேம்மா போவேன்?"

கண் கலங்கிவிட்டது அவருக்கு.

"வாங்க. உங்க வீட்டுக் காபி குடிச்சு நாளாச்சு" என்று குரு செருப்பை மாட்டிக்கொண்டார்.

ஹால் கதகதப்பாக இருந்தது. குமரகுருபரன் பெருமையாகக் கண்ணாடியைத் தட்டிக் காட்டிவிட்டு, வழக்கம்போல ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார்.

குரு அவர் நாற்காலியைப் பிடித்து ஜன்னல் பக்கம் திருப்பினார்.

தோட்டத்தில் அவர் மனைவி செங்கமலம் கேரட் பிடுங்கிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்தாள். வீட்டைப் பார்த்து வாயசைத்தாள்.

"என்ன சொல்றாங்க?"

"கேக்கலியே."

மறுபடி வாயசைத்தாள்.

புருஷனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவள் இல்லை அவள். 'இந்தாங்க'தான். அந்தக் குரல் வந்ததும் இவர் புத்தகத்தை வைத்துவிட்டு, இரண்டு கையாலும் ஜன்னலைத் தூக்கி, "என்னடி?" என்பார். கொத்தமல்லி உள்ளே வரும். காபி டம்ளர் வெளியே போகும். அதெல்லாம் ஒரு காலம். பத்து நாளைக்கு முந்தின காலம்.

செங்கமலம் கையை உதறிவிட்டுக் குனிந்துகொண்டாள்.

குமரகுருபரன் வெறுங்காலோடு ஓடினார்.

"தினம் கூப்பிடறேன், திரும்பிக்கூடப் பார்க்கலை" என்றாள் அவள். குரல் உடைந்தது. "அவ்வளவு கசந்துபோயிட்டேனா? அதான் வீட்டுக்குள்ள நானும் பேசலை."

"ஐயோ, கேக்கலைடி எனக்கு! அந்த ஜன்னலையும் காயலான் கடைக்குப் போட்டுட்டேனே!"

"போட்டீங்க. நான் வண்டியை மறிச்சு இறக்கிட்டேன்."

அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"கோழிக்கூண்டுக்குப் பின்னால சாக்கு போட்டு மூடி வச்சிருக்கேன். என் ஒருத்தியால தூக்க முடியலை. வந்து ஒரு பக்கம் பிடிங்க."