கோரைப்பள்ளத்து எருமைகள்

குரு வடிவுத்தாய்க்கு முப்பத்தாறு வயது. அவருடைய சீடர் ஆவுடையப்பனுக்கு அறுபத்திரண்டு. பொதுப்பணித் துறையில் இன்ஜினீயராக இருந்து ஓய்வு பெற்றவர். மடத்துக்கு வந்து எட்டு மாதமாகியும் அவருடைய நடை மட்டும் ஓயவில்லை. சோறு தின்னும்போதுகூட கால் கட்டைவிரல் ஆடிக்கொண்டிருக்கும்.

அவரை அப்படி ஆட்டியது மடத்துக்குப் பின்னால் கிடந்த கோரைப்பள்ளம். ஒரு காலத்தில் பங்குனி வரை தண்ணீர் நின்ற சதுப்பு. கோரையும் தவளையும் நாரையுமாக இருந்த இடம். முப்பது வருஷத்துக்கு முன்னால் அதில் வடிகால் வெட்டிக் காயப்போட்டவர் ஆவுடையப்பன்தான். பள்ளம் காய்ந்ததும் ஊரில் எருமைகளை விற்றுவிட்டார்கள். இப்போது அங்கே ஒருத்தர் குடோன் கட்டக் கேட்கிறார். மாசியில் தாசில்தார் பார்க்க வருவார். தரிசு என்று எழுதிவிட்டால் குடோன்தான்.

"நான் கெடுத்தது தாயே. நானே சரி பண்ணணும்."

"பண்ணுங்க," என்றார் வடிவுத்தாய்.

ஆவுடையப்பன் வடிகாலை அடைத்தார். ஜேசிபி கொண்டுவந்து பத்துக் குழி தோண்டினார். எல்லாம் சதுரம். எல்லாம் எட்டடி ஆழம். ஐப்பசி மழையில் பத்தும் நிறைந்தன. மடத்தில் எல்லோருக்கும் அல்வா வாங்கிக் கொடுத்தார். பத்தே நாளில் பத்தும் வற்றிவிட்டன.

"எங்கே போச்சு அவ்வளவு தண்ணியும்?"

வடிவுத்தாய் குழிக்குள் இறங்கி, அடியிலிருந்து ஒரு கைப்பிடி அள்ளி அவர் உள்ளங்கையில் போட்டார். மணல்.

"மேலே களிமண் ரெண்டடிதான் ஐயா. நீங்க அதைத் தாண்டிட்டீங்க."

அவர் முகம் சுண்டிப்போனது. "இப்ப என்ன செய்ய?"

"எருமை பிடிச்சிட்டு வாங்க. நாலு போதும்."

"எருமையா?"

"ஆமா. கருப்பா இருக்கும். கொம்பு வளைஞ்சிருக்கும்."

கார்த்திகையில் நாலு எருமை வந்தன. இரண்டு கறவை, இரண்டு கிடேரி. பள்ளத்தின் தெற்கு ஓரத்தில் கணுக்காலளவு மழைத்தண்ணீர் மிச்சமிருந்தது. நேரே அதில் போய்ப் படுத்துப் புரண்டன. ஆவுடையப்பன் வரைபடத்தோடு ஓடி வந்தார்.

"தாயே, அதுக தெற்கு ஓரமாவே கிடக்குதுக. எட்டாம் நம்பர் குழிப்பக்கம் புரண்டா நல்லாயிருக்கும்."

"அதுககிட்ட சொன்னீங்களா?"

"சொன்னா எங்கே கேக்குது?"

ஒரு கம்பை எடுத்துக்கொண்டு ஓட்டினார். அவர் வியர்வையைத் துடைத்து முடிப்பதற்குள் நாலும் பழைய இடத்துக்கே திரும்பியிருந்தன. மூன்று நாள் இப்படி ஓட்டினார். மூன்றாம் நாள் பால் பாதியானது. வடிவுத்தாய் கம்பை வாங்கி அடுப்பில் வைத்து உலை வைத்தார்.

மார்கழியில் ஆவுடையப்பன் ஸ்கேலை எடுத்தார். காலையில் குட்டைத் தண்ணீரை அளந்தார். சாயங்காலமும் அளந்தார்.

"கால் அங்குலம் குறைஞ்சிருக்கு தாயே."

"குடிச்சிருக்கும்."

தை பிறந்தது. அவருக்குப் பொறுக்கவில்லை.

"எனக்கு ஒண்ணு விளங்கல. நான் நாயாப் பாடுபட்டேன், தண்ணி நிக்கல. அதுக ஒரு வேலையும் செய்யல. சும்மா படுத்துத்தானே கிடக்குதுக."

வடிவுத்தாய் இரண்டு குடம் தண்ணீர் எடுத்து வந்தார். ஒன்றை அவருடைய சதுரக் குழியில் ஊற்றினார். குடத்தை நிமிர்த்துவதற்குள் காணோம். இன்னொன்றை எருமைகள் புரண்ட இடத்தில் காய்ந்திருந்த ஒரு பள்ளத்தில் ஊற்றினார். தண்ணீர் நின்றது.

ஆவுடையப்பன் கையை விட்டுத் தடவினார். குளம்பும் வயிறும் மிதித்துப் பிசைந்து, அடிமண் அம்மியைப்போல வழவழப்பாக இருந்தது.

"இது அதுகளுக்குத் தெரியுமா தாயே?"

"அதுகளுக்கு வெயில் தெரியும்."

அன்று முழுக்க அவர் பள்ளத்தைச் சுற்றிச் சுற்றி நடந்தார்.

மாசி வந்தபோது தேங்கியிருந்தது மூன்றே குட்டை. சுற்றிலும் கோரை ஒரு விரல் உயரம் முளைத்திருந்தது. ஒரு நாரை வந்து நின்று பார்த்துவிட்டுப் போனது.

"தாயே, தாசில்தார் வர்ற பாதையில ஒரு லோடு சரளை அடிச்சிரட்டுமா? சேத்துல அந்த அம்மா எப்படி நடப்பாங்க?"

"அது எருமை வர்ற பாதை. சரளை குளம்பைக் குத்தும்."

"நாளைக்கு அவங்க எழுதுற ஒரு வரியிலதான் எல்லாமே இருக்கு."

"இருக்கட்டும். குத்தும்."

மறுநாள் மத்தியானம் தாசில்தார் வந்தார். கூடவே குடோன்காரரும் வந்தார். வெள்ளை வேட்டி, புதுச் செருப்பு. ஆவுடையப்பன் ஆள்காட்டி விரலால் தொடையில் தட்டிக்கொண்டே நின்றார்.

"அது மாட்டுக்குத் திறந்துவிட்ட தண்ணி மேடம்," என்றார் குடோன்காரர். "மத்ததெல்லாம் கட்டாந்தரை. லாரியே போகும். நடந்து காட்டுறேன் பாருங்க."

நடந்தார். நாலாவது எட்டில் காய்ந்த மேல்பொருக்கு உடைந்து முழங்கால் வரை சேற்றில் இறங்கினார். ஒரு காலை உருவினார், செருப்பு வரவில்லை. மற்றதை உருவினார், அதுவும் வரவில்லை. பக்கத்தில் கிடந்த எருமை தலையைத் திருப்பி அவரைப் பார்த்தது. நகரவில்லை.

தாசில்தார் எழுதினார்.

"என்ன மேடம் எழுதுறீங்க?" என்று சேற்றுக்குள்ளிருந்தே கேட்டார் அவர்.

"பாத்ததைத்தான். சதுப்பு நிலம். கட்டடத்துக்கு ஆகாது."

ஜீப் போனதும் ஆவுடையப்பன் வேகமாக வடிவுத்தாயிடம் வந்தார். அவர் முகத்தில் நிம்மதி இல்லை.

"மூணே குட்டைதான் தாயே. இன்னும் பதினஞ்சு ஏக்கர் அப்படியே கிடக்கு. நாளைக்கே இருபது எருமைக்குச் சொல்லிர்றேன். கிழக்கே எட்டு, மேற்கே எட்டு..."

கட்டுத்தறியில் மடி கனத்து ஒரு எருமை கத்தியது. வடிவுத்தாய் பால் செம்பை அவர் கையில் கொடுத்தார்.

"எனக்குக் கறக்கத் தெரியாதே."

"தெரியாதுன்னுதான் கொடுக்கிறேன்."

செம்போடு போனார். இடப்பக்கம் போனார், எருமை விலகியது. வலப்பக்கம் வந்தார், அதுவும் சுற்றியது. அவர் சுற்ற எருமை சுற்ற, இரண்டு பேரும் கட்டுத்தறியை மூன்று சுற்றுச் சுற்றிவிட்டார்கள்.

"நிக்க மாட்டேங்குதே தாயே."

"நீங்க முதல்ல உட்காருங்க ஐயா."