ஒரு நெல் இடைவெளி

குருந்தவனம் என்றொரு நாடு. ரொம்ப காலத்துக்கு முன்னால் அதைக் கோதண்டவர்மன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். கெட்டவன் என்று சொல்ல முடியாது. காலையில் ஒரு ஆசை, மாலையில் வேறொரு ஆசை, அவ்வளவுதான். ஆசை அவனுக்கு, அலைச்சல் மற்றவர்களுக்கு.

பிறந்தநாள் தோறும் அவன் துலாபாரம் ஏறுவான். எடைக்கு எடை வெல்லம் ஊராருக்கு. அந்த வருஷம் தராசைத் தாங்கும் தடித்த சங்கிலி அவன் கண்ணை உறுத்தியது.

"இதைக் கழற்றுங்கள். எழுத்தாணித் தடிமனில் ஒற்றைக் கம்பி போதும். நான் ஆகாயத்தில் மிதப்பதுபோல இருக்க வேண்டும்!" என்றான்.

அமைச்சர் பூதலிங்கனார் அந்த வேலையை மாசிலாமணி ஆசாரியிடம் கொடுத்தார். ஆசாரியும் இருபது முழத்துக்கு ஒரு கம்பி அடித்து, மண்டபத்து உச்சியிலிருந்து தராசைத் தொங்கவிட்டார்.

அந்த நாட்டில் ஒரு வழக்கம் உண்டு. தராசுக் கோலின் நடுவுக்கு நேர் கீழே, கோலைத் தொடும் உயரத்துக்கு ஒரு கல் நட்டிருக்கும். கல்லுக்கும் கோலுக்கும் நடுவே ஒரு நெல் நிற்கும் அளவு இடைவெளி இருந்தால் மெய்த் தராசு, இல்லாவிட்டால் பொய்த் தராசு. பார்த்துச் சொல்ல வேண்டியவர் சடங்கு அதிகாரி வைகுந்தராயர். அமைச்சர் தும்மினாலும் அதில் குற்றம் கண்டுபிடிக்கிற மனுஷர் அவர்.

ஆசாரி வெறும் தராசில் நெல்லை நிறுத்திப் பார்த்துவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போய்விட்டார்.

பிறந்தநாள் வந்தது. ராஜா ஒரு தட்டில் உட்கார, மறு தட்டில் வெல்லம் ஏறியது. இரண்டு தட்டும் சமமாக அந்தரத்தில் நின்றன. ராயர் குனிந்தார், நெல்லை நுழைக்கப் பார்த்தார். நுழையவில்லை. தராசுக் கோல் கல்லை லேசாகத் தொட்டுக்கொண்டு நின்றது.

"மகாராஜா, மோசம்! ஆசாரி மட்டமான இரும்பைப் போட்டிருக்கிறான். கம்பி ஒரு நெல் நீண்டுவிட்டது!"

"பொய்த் தராசிலா என்னை உட்கார வைத்தான்? வெட்டுங்கள் அவன் வலது கட்டைவிரலை!"

ஆசாரியைப் பிடித்து வந்தார்கள். கட்டைவிரல் போனால் சுத்தியல் பிடிக்க முடியாது. சுத்தியல் போனால் வீட்டில் அடுப்பு எரியாது.

பூதலிங்கனார் எழுந்தார். "மகாராஜா, ஒரு நிமிஷம் கீழே இறங்குங்கள். வெல்லத்தையும் இறக்கச் சொல்லுங்கள்."

இறக்கினார்கள். நெல் சரியாக நின்றது.

"நீண்ட கம்பி பழைய நீளத்துக்கே திரும்பிவிட்டது. மட்டமான இரும்பு என்றால் இழுத்த இழுப்பில் அப்படியே நின்றிருக்கும். எந்த இரும்பும் பாரம் ஏறினால் கொஞ்சம் நீளும், இறங்கினால் சுருங்கும்."

ராஜாவின் புருவம் ஏறியது. "நான் பெருத்துவிட்டேன் என்கிறீரா?"



"போன வருஷத்து மகாராஜா உட்கார்ந்திருந்தாலும் நீண்டிருக்கும்" என்றார் அமைச்சர். கொஞ்சம் குறைவாக நீண்டிருக்கும் என்பதை அவர் வெளியே சொல்லவில்லை.

ராயர் விடவில்லை. "எல்லாம் வாய்ப்பேச்சு! என் ஊர்ப் பட்டறையில் நானே ஒரு கம்பி செய்து வருகிறேன். அதே நீளம், இரண்டு மடங்கு தடிமன். அமைச்சர் சொல்கிற நியாயப்படி பார்த்தாலும் பாதியாவது நீள வேண்டுமே? ஒரு நெல்லுக்கு நான்கு தினை. அப்படியானால் இரண்டு தினை நீள வேண்டும்."

"இல்லை, ஒரே ஒரு தினை" என்றார் பூதலிங்கனார்.

ராயர் விழுந்து விழுந்து சிரித்தார். "இரண்டு மடங்குக்குக் கால்வாசியா? கணக்குப் படித்தவர் பேசுகிற பேச்சா இது?"

ராஜாவுக்கு உற்சாகம் வந்துவிட்டது. "ஒரு தினை என்றால் ஆசாரிக்கு விடுதலை, ராயருக்குத் தண்டனை. வேறு எது வந்தாலும் விரல் போகும்!"

சபை கலைந்ததும் ஆசாரி அமைச்சரைப் பிடித்துக்கொண்டார். "சாமி, ரெண்டு தினைன்னு அவரோட ஒத்துப் போயிருக்கலாமே? என் விரலை வச்சா பந்தயம் கட்டுவீங்க?"

"நாம் ஒத்துப்போகலாம் ஆசாரியாரே, இரும்பு ஒத்துப்போகாதே."

அதைக் கேட்டு ஆசாரிக்குத் தைரியம் ஒன்றும் வந்துவிடவில்லை. பத்து நாள் வலது கையை மடியில் வைத்துக்கொண்டு இடது கையால் சாப்பிட்டார்.

ராயரின் கம்பி வந்தது. தராசைத் தொங்கவிட்டு, வெறும் தட்டோடு ஒரு நெல் இடைவெளி வைத்தார்கள். ராஜா ஏறினான், வெல்லமும் ஏறியது. தினைகளை மெழுகால் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி ராயரே இடைவெளியில் நிறுத்திப் பார்த்தார். இரண்டு தினை நின்றது, மேலே இடமும் மிச்சம் இருந்தது. மூன்று தினை கச்சிதமாக நின்றது. நான்கு நுழையவே இல்லை.

"நான்கில் மூன்று மிச்சம். அப்படியானால் நீண்டது ஒரு தினை!" என்று கத்தினான் ராஜா, தட்டில் ஆடிக்கொண்டே. "எப்படித் தெரியும் உமக்கு?"

"இரண்டு மடங்கு தடிமன் என்றால் அகலத்திலும் இரண்டு மடங்கு, உயரத்திலும் இரண்டு மடங்கு, மகாராஜா. அதே மாதிரி மெல்லியதும் தடித்ததுமாக ஒரே நீளத்தில் இரண்டு துண்டுக் கம்பிகளை முன்பே எடை போட்டுப் பார்த்தேன். தடித்தது நான்கு மெல்லிய கம்பிகளின் எடை இருந்தது. ஒரு கம்பிக்குள் நான்கு கம்பி. பாரத்தை நான்கு பேர் பங்கிட்டால் ஆளுக்குக் கால்வாசிதானே?"

"அப்படியானால் குற்றம் யார்மேல்?"

"வழக்கத்தின்மேல். ஆள் ஏறும் தராசுக்கு வெறும் தட்டில் நெல் வைத்துப் பார்த்தோம். சங்கிலி தடிமனாக இருந்தவரை அது தெரியவில்லை."

ராஜா ராயர் பக்கம் திரும்பினான். "இனி ஒவ்வொரு வருஷமும் எனக்கு முன்னால் நீர் மெல்லிய கம்பித் தராசில் ஏறி உட்காரும். பாரத்தோடு ஆசாரி நெல் வைத்துப் பார்க்கட்டும். உம் எடைக்கு எடை வெல்லம் உம் வீட்டிலிருந்து ஆசாரி வீட்டுக்குப் போக வேண்டும்."

ராயர் தட்டில் ஏறினார். ராஜாவுக்குப் போட்டதைவிட நான்கு உருண்டை வெல்லம் அதிகமாகவே போட வேண்டியிருந்தது. அன்றைக்கு ராஜாவுக்கு இருந்த சந்தோஷம் நாடு பிடித்த நாளில்கூட இருந்ததில்லை.

அடுத்த வருஷம் ராயர் ஒரு மாதம் அரைப்பட்டினி கிடந்துவிட்டுத்தான் தராசு ஏறினார்.

"போன தடவையைவிடக் கொறைச்சலா இருக்கே?" என்றாள் ஆசாரியின் மனைவி, கூடையைப் பார்த்து.

ஆசாரி வலது கட்டைவிரலால் ஒரு துண்டு வெல்லத்தைக் கிள்ளி அவள் வாயில் போட்டார். "தின்னு. இதுவே எதேஷ்டம்."