உலகம்மாள் இறங்கும் வாசல்

"இன்ஆர்டினேட்னா என்ன அர்த்தம், அம்மா?"

குன்றடி மடத்துக்குள் நுழையும்போதே கேட்டார் கோமதிநாயகம். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். மனைவி உலகம்மாள் இறந்த பிறகு இங்கே வர ஆரம்பித்தவர். மடத்து அம்மை அவரைவிடப் பத்து வயதாவது இளையவர். துறவுக்கு முன் கல்லூரியில் ஆங்கிலம் நடத்தியவர்.

அம்மை கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"அளவுக்கு மீறினது."

"எதுக்குச் சொல்லுவாங்க?"

"அநியாய விலைக்குச் சொல்லலாம். பேராசைக்குச் சொல்லலாம். மணிக்கணக்கா காக்க வச்சா, அந்தத் தாமதத்துக்கும் சொல்லலாம்."

"துக்கத்துக்கு?"

அம்மையின் விரல்கள் நின்றன.

"இலக்கணம் தடுக்காது. யார் சொன்னா?"

"எம் மவன். லீவுல வந்திருக்கான். போன்ல டாக்டர்கிட்ட இங்கிலீஷ்ல பேசினான். அப்பாங்கிறதும் இந்த வார்த்தையும்தான் எனக்குப் பிடிபட்டுச்சு."

"அப்படி என்ன செஞ்சீங்க?"

அவர் தலை குனிந்துகொண்டார்.

"அவ பக்கத்து ஊரு பள்ளிக்கூடத்துல சத்துணவு சமைச்சவ. சாயங்கால பஸ்ல வருவா. நான் ஸ்டாப்புல நிப்பேன். இப்பவும் போய் நிக்கேன். அவ போயி வருஷம் திரும்பிருச்சு. ஊரு சிரிக்கு. என்னை மெட்ராசுக்குக் கூட்டிட்டுப் போறேங்கான். நீங்க சொல்லுங்கம்மா. கூடுதல்னா கூடுதல்னு சொல்லிருங்க. நிறுத்திக்கிடுதேன்."

அம்மை கீரைத் தட்டை ஒதுக்கி வைத்தார்.

"பஸ் எப்ப?"

"இப்ப வர்ற நேரந்தான்."

"வாங்க, போவோம்."

ஸ்டாப்பில் நாலைந்து பேர் நின்றிருந்தார்கள். அவரைப் பார்த்ததும் தங்களுக்குள் ஏதோ பேசிக்கொண்டார்கள். அம்மையும் கூட வந்திருப்பதைக் கண்டு பேச்சை விட்டார்கள்.

"எந்த வாசல்ல இறங்குவாங்க?" என்று கேட்டார் அம்மை.

"பின்வாசல். முன்னாடி பிள்ளைக இடிச்சுக்கிட்டு இறங்கும். இவ அதுக கூட மல்லுக்கட்ட மாட்டா."

அம்மை நகர்ந்துபோய், பின்வாசல் வரும் இடத்தில் நின்றுகொண்டார்.

பஸ் வந்தது. முன்வாசலில் பள்ளிப் பிள்ளைகள் குதித்தார்கள். பின்வாசலில் ஒரு வாழைக்காய் மூட்டை இறங்கியது, அதன் பின்னால் மூட்டைக்காரர். அப்புறம் யாரும் இல்லை. கண்டக்டர் விசில் ஊதினார். பஸ் போய்த் தூசி அடங்கியது.

"வரல," என்றார் கோமதிநாயகம். இதுநாள்வரை அதை அவர் வாய்விட்டுச் சொன்னதில்லை.

"ஆமா. வரல."

கோமதிநாயகம் திரும்பிப் பார்த்தார். அம்மையின் கன்னத்தில் கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. அவர் அதைத் துடைக்கவும் இல்லை, மறைக்கவும் இல்லை.

கோமதிநாயகத்துக்குப் பதறிவிட்டது. தோளில் கிடந்த துண்டை எடுத்து நீட்டினார்.

"அவ முகம்கூட உங்களுக்குத் தெரியாதேம்மா. அவளுக்காகவா இவ்வளவு..."

மகன் சொன்ன அந்த வார்த்தை தன் வாயிலும் வரப்பார்ப்பது அவருக்கு உறைத்தது. அம்மையின் பக்கத்தில் வந்து நின்றுகொண்டார்.