ஏழு நோட்டும் ஒரு தண்ணீர் பாட்டிலும்

"என் பொண்ணுக்குக் கர்சிவ் வர மாட்டேங்குது மிஸ்," என்றாள் சந்திரலேகா.

சொன்ன கையோடு ஏழு நோட்டுகளை மேஜைமேல் பொத்தென்று போட்டாள். எல்லாம் நாலு கோடு நோட்டு. எல்லாவற்றுக்கும் பிரவுன் அட்டை, லேபிள். லேபிளில் மகளின் பெயர், மணிமணியாக, இங்கிலீஷ் எழுத்துகளைக் கோர்த்து எழுதும் கர்சிவில். குயிலி.

குயிலிக்கு ஆறு வயது. அம்மாவின் துப்பட்டா நுனியைச் சுருட்டிக்கொண்டு நின்றாள்.

பெனடிக்டா மிஸ் முதல் நோட்டைத் திறந்தாள். தையல் கடைக்கு மேல் மாடியில் சின்னப் பிள்ளைகளுக்குக் கையெழுத்து வகுப்பு நடத்துகிறவள். முப்பது வயதுகூட இருக்காது. சந்திரலேகாவுக்கு நாற்பத்திரண்டு. மிஸ்ஸின் வயதே அவளுக்குப் பிடிக்கவில்லை.

"அடுத்த மாசம் நாலாம் தேதி ஹெட்மிஸ்ட்ரஸ் சிஸ்டர் முன்னாடி இவ பேரைச் சேர்த்து எழுதிக் காட்டணும். இல்லைன்னா ஒண்ணாங்கிளாஸ் கிடையாது. திரும்ப யூகேஜி."

"சரி."

"என்ன சரி? நான் படிச்ச ஸ்கூல் அது. கர்சிவ்ல மூணு வருஷம் மெடல் வாங்கியிருக்கேன். என் பொண்ணு யூகேஜியில ரெண்டாவது வருஷம் உட்கார்ந்தா அந்த கேட்டுக்குள்ள நான் எந்த முகத்தோட நுழையறது?"

மிஸ் பக்கங்களைப் புரட்டினாள்.

பக்கம் முழுக்கப் புள்ளிகள். எழுத்தின் உருவத்தில் வரிசையாக வைத்த புள்ளிகள். அவற்றின்மேல் ஒரு பென்சில் கோடு, புள்ளிக்குப் புள்ளி நின்று நின்று நடுங்கிப் போயிருந்தது.

இரண்டாவது நோட்டில் புள்ளிகள் இன்னும் நெருக்கம். ஏழாவதில் எறும்பு நுழைய இடமில்லை.

"இந்தப் புள்ளியெல்லாம் யார் வச்சது?"

"நான்தான். ஒரு வருஷமா தினம் மத்தியானம் சமையலை முடிச்சிட்டு உட்கார்ந்து ரெண்டு பக்கம் வைப்பேன். முதுகு விட்டுப்போகும்."

"நல்லா வருதுக்கா உங்களுக்கு."

சந்திரலேகா கொஞ்சம் நிமிர்ந்தாள்.

"இதுல இவளோடது எது?" என்றாள் மிஸ்.

சந்திரலேகா நோட்டுகளை ஒவ்வொன்றாக மூடி அடுக்கினாள்.

*

மிஸ் ஒரு பழைய தண்ணீர் பாட்டிலை எடுத்தாள். மூடியில் ஊசியால் போட்ட ஓட்டை. தண்ணீர் நிரப்பிக் குயிலியிடம் கொடுத்தாள்.

"மொட்டைமாடிக்குப் போ. பாட்டிலைக் கவுத்துப் பிடி. அலை அலையா போட்டுக்கிட்டே அந்தச் சுவர் வரைக்கும் போ."

"நோட்டு?" என்றாள் சந்திரலேகா.

"அதுக்கென்ன, ஏழு இருக்கே."

*

முதல் வாரக் கடைசியில் சந்திரலேகா கேட்டாள்.

"இன்னிக்கு என்ன எழுதினா?"

"அலை எழுதினா."

"எங்கே, காட்டுங்க."

"காஞ்சிடுச்சு."

இரண்டாவது வாரம்.

"இன்னிக்கு?"

"பெரிய பெரிய வளையம். ஒண்ணுக்குள்ள ஒண்ணு மாட்டி, சுவர் வரைக்கும்."

"அதுவும் காஞ்சிடுச்சாக்கும்."

"வெயில் நல்லா அடிக்குதுக்கா."

மூன்றாவது வாரம் சந்திரலேகா கேட்கவில்லை. செருப்பைக்கூட ஒழுங்காகக் கழற்றாமல் மாடி ஏறினாள்.

"இன்னும் எட்டு நாள்தான் இருக்கு மிஸ். பென்சிலைத் தொடவே இல்லை. தரையைக் கழுவத்தான்னா அதை என் வீட்டுலயே பண்ணுவா. சிஸ்டர் கேட்டா நான் என்னத்தைக் காட்டறது? ஈரத்தையா?"

மிஸ் கோபப்படவில்லை. ஒரு பாட்டிலை நிரப்பி நீட்டினாள்.

"எழுதுங்க."

"நானா?"

"மெடல் வாங்கினவங்கதானே. இவ பேரை எழுதுங்க. ஒவ்வொரு எழுத்தும் உங்க முழங்கால் உயரம் இருக்கணும்."

சந்திரலேகா துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டினாள். பாட்டிலைப் பேனா மாதிரி விரல் நுனியில் பிடித்தாள். கவிழ்த்தாள்.

கே எழுதும்போதே தண்ணீர் ஓடியது. அடுத்து எங்கே திருப்புவது என்று ஒரு கணம் யோசித்தாள். யோசித்த இடத்தில் குட்டையாகத் தேங்கியது. அவசரமாக யூவுக்கு இழுத்தாள். வளைவில் நின்று பார்த்தாள். அங்கேயும் ஒரு குட்டை. மணிக்கட்டு வலித்தது.

"விரல் பத்தாதுக்கா. தோளையும் கூப்பிடுங்க," என்றாள் மிஸ்.

தோள் வரவில்லை. பெயர் முடிந்தபோது தரையில் எழுத்தைவிடக் குட்டைகள்தான் எடுப்பாகத் தெரிந்தன.

குயிலி குனிந்து எண்ணினாள்.

"அம்மா, பதினொரு இடத்துல நின்னிருக்கே."

"வெயில் கண்ணைக் கூசுது."

"நான் எழுதட்டா?"

பாட்டிலை வாங்கினாள். தரை சுட்டது. வெறுங்கால். நின்றால் பொசுங்கும். நண்டு மாதிரிப் பக்கவாட்டில் நகர்ந்துகொண்டே, தோளிலிருந்து கையை முழுதாக வீசி, ஏறி இறங்கி வளைந்து, கடைசி எழுத்துவரை போய்விட்டுத்தான் பாட்டிலை நிமிர்த்தினாள்.

எங்கேயும் குட்டை இல்லை.

சந்திரலேகா கைப்பைக்குள் போனைத் துழாவினாள். எடுத்து, கேமராவைத் திறந்து, தூக்கிப் பிடிப்பதற்குள் முதல் எழுத்து காய்ந்துவிட்டது.

"ஐயோ, போச்சே," என்றாள்.

"போனா போகட்டும்மா," என்றாள் குயிலி. "மறுபடி எழுதுவேன்."

மிஸ் ஒரு பென்சிலைச் சீவிக் குழந்தையிடம் கொடுத்தாள்.

"இன்னையிலருந்து இது. வீட்டுல வெறும் நோட்டுல எழுதட்டும். ஒரு புள்ளி கண்ணுல பட்டுதுன்னா, அக்கா, உங்களை யூகேஜியில சேர்த்துடுவேன்."

*

நாலாம் தேதி.

ஹெட்மிஸ்ட்ரஸ் சிஸ்டர் நல்லவர், சின்ன வயதில் சந்திரலேகாவுக்கே பாடம் எடுத்தவர். குழந்தைகள் பயப்படக் கூடாது என்று நினைப்பவர். புது நோட்டைத் திறந்து, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, குயிலியின் பெயரைப் பென்சிலால் வரிசையாகப் புள்ளி வைத்துக் கொடுத்தார்.

"மெதுவா இதுமேல போ கண்ணா."

குயிலி பென்சிலை முதல் புள்ளியில் வைத்தாள். நின்றாள். இரண்டாவது புள்ளிக்குப் போனாள். நின்றாள். கோடு நடுங்கியது. மெல்ல அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள்.

சந்திரலேகா எழுந்தாள். ஒரு வருஷமாகப் புள்ளி வைத்தே முதுகு விட்டுப்போன அவளேதான். பென்சில் பாக்ஸிலிருந்து ரப்பரை எடுத்தாள். சிஸ்டர் வைத்த புள்ளிகளை ஒன்றுவிடாமல் அழித்தாள். தூளை வாயால் ஊதினாள்.

அந்த அறையில் அதுவரை யாரும் அப்படிச் செய்ததில்லை.

"என்ன லேகா இது? அதை அழிச்சிட்டா அப்புறம் எதைப் பார்த்து எழுதுவா?" என்றார் சிஸ்டர்.

அதற்குள் குழந்தை பாதிப் பெயரைத் தாண்டியிருந்தாள்.

பென்சில் எங்கும் நிற்கவில்லை. கடைசி எழுத்தும் முடிந்த பிறகே கையை எடுத்தாள். காலை மட்டும், சுடும் தரையில் நிற்கிறவள் மாதிரி, மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருந்தாள்.

சிஸ்டர் நோட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். எழுத்து கோட்டுக்கு மேலே ஓரிடத்தில் துள்ளியிருந்தது. கீழே ஓரிடத்தில் வழிந்திருந்தது. ஆனால் ஒரே கோடு. அறுபடாத கோடு.

ஒண்ணாங்கிளாஸ் ரிஜிஸ்டரை இழுத்து, பெயரைப் பதிந்துகொண்டே சொன்னார்.

"ஆனாலும் உன் கையெழுத்து மாதிரி இல்லை லேகா. கோணலா இருக்கு."

"ஆமா சிஸ்டர்," என்றாள் சந்திரலேகா. மெடல் வாங்கிய நாளில்கூட அவள் இப்படி நிமிர்ந்ததில்லை. "அது அவளோடது."